இருபத்து நாலு காம்பரா

ஹப்ஸா டாக்டர் தங்கம்மாவின் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கையிலிருந்த கருவியை அங்கும் இங்கும் உருட்டிக்கொண்டிருந்தார். திரையில் அடைமழைக்குள் பார்த்த ரப்பர் தோட்டம் மாதிரி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதற்கு நடுவே விரல் நீளத்தில் ஒன்று மல்லாந்து கிடந்து, யாரையோ உதைப்பதுபோல் காலை வெட்டியது. டாக்டர் படத்தை அப்படியே நிறுத்தினார். பிள்ளையின் பிடரிக்கும் தோலுக்கும் நடுவில் கறுப்பாக ஓர் இடுக்கு. அதன் இரண்டு கரையிலும் சின்னக் குறிகளை வைத்து அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாம் தரமும் அளக்கத் தொடங்கியபோதுதான் தங்கம்மா திரையை விட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தரத்துக்கு மேல் அளந்தால் சந்தேகம் என்று அர்த்தம். தோட்டத்து நிறுவைக் கொட்டகையில் இருபது வருஷம் நின்றவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"கழுத்துக்குப் பின்னால தண்ணி கொஞ்சம் கூட இருக்கு" என்றார் டாக்டர்.

"நான் ஒன்னும் கலக்கலீங்க டாக்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் படுத்திருக்கும் இடம் தோட்டமல்ல, கொழும்பு வெள்ளவத்தை என்பது தங்கம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற மகள் நிரோஷா கண்ணை மூடிக்கொண்டாள். தங்கம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் என்பதே ஒரு குற்றச்சாட்டு. வாளிப் பாலில் கணக்கப்பிள்ளை ஒரு கண்ணாடிக் குழலை மிதக்க விடுவார். அது கொஞ்சம் மேலே எழும்பி நின்றால் போதும், "என்னா தங்கம்மா, ஊத்துப் பீலியில புடிச்ச பாலா?" என்பார். முதல்நாள் பெய்த மழை சிரட்டையில் விழுந்திருக்கும். அதை யார் கேட்கிறார்கள்!

நிரோஷா அந்த ஸ்கேன் நிலையத்தில்தான் முன்மேசையில் இருந்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது. மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டிய காலத்தில் தாய்க்காரி மாங்காய் கடித்தால் தோட்டம் சும்மா இருக்குமா? கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அந்த வருஷம் பால் விலையைப் பற்றிப் பேசியதைவிடத் தங்கம்மாவின் நாற்பது வயது வயிற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். புருஷன் கந்தையா ரப்பர் சீட்டைப் புகை போடும் கொட்டகையில் வேலை. அவன் அங்கிருந்து வெளியே வரவே வெட்கப்பட்டு, ஷிப்டு முடிந்த பிறகும் புகைக்குள் நின்றான் என்று சொல்வார்கள். இருமல்தான் மிச்சம். நிரோஷா ஒரு வாரம் போனில் பேசவில்லை. பிறகு அவளாகவே எடுத்து, "பதின்மூணு வாரம் ஆகுறதுக்குள்ள இங்க வா. ஐடென்டி கார்ட மறந்துறாத, வழியெல்லாம் செக்கிங்கு" என்று உத்தரவு போட்டாள். நிரோஷாவுக்குப் பிறகு வயிற்றில் வந்த இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இது தாண்டிவிட்டது. தங்கம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள்.

டாக்டர் பசையைத் துடைக்கக் கடதாசி கொடுத்தார். மாவனெல்லை ஆள் அவர், தோட்டம் தெரிந்தவர். பொறுமையாகத்தான் சொன்னார்.

"நம்ம உடம்புல எல்லாத்தையும் எழுதி வெச்ச மாதிரி நாப்பத்தாறு சாமான் இருக்கு. சில புள்ளைகளுக்கு அதுல ஒன்னு கூடிரும்."

"கூடுனா நல்லதுதானேங்க?"

"இதுல இல்ல தங்கம்மா. அப்பிடிப் புள்ளைகளுக்கு முகம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். கண்ணு சாஞ்சு, வெரல் கட்டையா. நடக்க, பேசச் சுணங்கும். சிலதுக்கு இருதயத்துலயும் பிழை இருக்கும்."

பவளம் என்று தங்கம்மா நினைத்தாள். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் மூக்காயியின் மகள். இருபத்தாறு வயதாகியும் எல்லோருக்கும் 'புள்ளை'.

"இந்த அளவு நோய் இருக்குன்னு சொல்லாது. சந்தேகம் எவ்வளவுன்னுதான் சொல்லும். உங்கட வயசையும் இந்தத் தண்ணியையும் சேத்துப் பாத்தா, இருவத்து நாலுல ஒன்னு." தங்கம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் வழி தேடினார். "உங்கட லயத்துல எத்தன காம்பரா?"

"இரட்ட லயம்ங்க. முன்னுக்குப் பன்னெண்டு, பின்னுக்குப் பன்னெண்டு."

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பாருங்க! இருவத்து நாலு காம்பராவுல ஒரு காம்பராவுல அப்பிடிப் புள்ளை. மத்த இருவத்து மூனுலயும் நல்ல புள்ளை. வெளங்குதா?"

மிக நன்றாக விளங்கியது. அதுதான் வினையாகிப் போயிற்று.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் இன்னும் சில வாரம் கழித்து வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்க்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். நூறு பேரில் ஒருவருக்கு அதனாலேயே கலைந்துபோகவும் கூடும். ஊசி வேண்டாம் என்றால் ஐந்தாம் மாதம் போல இருதயத்தைப் பார்க்க வேண்டும், கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்கில் சொல்லி ஏற்பாடு பண்ணலாம். "அவசரமில்ல. யோசிச்சு நீங்கதான் சொல்லணும்" என்றார். தங்கம்மாவிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஊசியைவிட அந்த வார்த்தைதான் அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

அன்றிரவு கந்தையாவிடம் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மெல்லிய குரல் என்பது அவளுடைய நம்பிக்கை. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. வெள்ளைக்காரன் எதை மிச்சம் பிடிக்க அப்படிக் கட்டினானோ, வம்பு மட்டும் தடையில்லாமல் போய்வர வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அவள் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. போன வழியில் கையும் காலும் முளைத்திருந்தது. 'நம்ம லயத்துல ஒரு காம்பராவுல கொறப் புள்ளை பொறக்குமாம். கொழும்பு டாக்டரு மிசின்ல பாத்துச் சொல்லிட்டாங்களாம்.'

எந்தக் காம்பரா என்பதுதான் அப்புறம் கேள்வி. முன்பக்கத்துக்காரர்கள் அது பின்பக்கத்தில்தான் இருக்கும் என்றார்கள், அங்கேதான் வெயில் படாது, சாக்கடைக் கானில் தண்ணீர் நிற்கும். பின்பக்கத்துக்காரர்களுக்குக் கோபம் வந்தது. டாக்டரிடம் போனதே முன்பக்கத்து ஆள், சீக்கை முன்பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். லயத்தில் இன்னும் இரண்டு பேர் முழுகாமல் இருந்தார்கள். அதில் ஒருத்தி மூட்டை முடிச்சோடு எஹலியகொடையில் இருக்கும் தாய்வீட்டுக்கே புறப்பட்டுவிட்டாள். ஒரு பெரிய மனிதர் எல்லாக் காம்பராவுக்கும் பொதுவாக ஒரு சேவலை அறுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். சேவல் யாருடையது என்பதில் அந்த யோசனை நின்றுபோனது. தங்கம்மா குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. ஏதோ டாக்டரிடம் பட்டியல் கொடுத்து லயத்தையே காட்டிக்கொடுத்தவள் மாதிரிப் பார்த்தார்கள்.

வழி கண்டுபிடித்தது பூரணம்தான். கந்தையாவின் மூத்த அக்கா, தோட்டத் தலைவரின் பெண்சாதி. தொழிற்சங்கத் தலைவர் புருஷன்தான் என்றாலும் சங்கம் நடப்பது அவள் வாயால். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கம்மாவின் வாசல் படியில் உட்கார்ந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தீர்ப்பைச் சொன்னாள்.

"ஏன்டி எல்லாரும் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க? லயத்துக்கு ஒன்னுன்னுதானே அந்த டாக்டரம்மா சொல்லியிருக்கு? அந்த ஒன்னுதான் ஏற்கனவே வந்துருச்சே!"

"எங்க அண்ணி?"

"எங்கயா? மூக்காயி வூட்டுல என்னா இருக்கு? பவளம் இல்லாம பதுமையா? நம்ம லயத்துப் பங்கு அங்கயே தீந்துருச்சு. இனி உனக்கு வராது போ."

லயமே மூச்சு விட்டது. இருபத்தாறு வருஷமாக யாருக்கும் தோன்றாத கணக்கு! எஹலியகொடைக்குப் போனவளுக்குத் திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். குழாயடியில் தங்கம்மாவுக்கு முதலில் குடம் வைக்க இடம் விட்டார்கள். கந்தையா ஷிப்டு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தான். தங்கம்மாவுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. கொழும்பிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அசந்து தூங்கினாள். விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது கடைசிக் காம்பரா வாசலில் மூக்காயி சாம்பல் அள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். என்றைக்கும் இல்லாத திருநாளாக, "என்னாக்கா, எழும்பியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நன்றி மாதிரி ஏதோ ஒன்று அதில் இருந்தது. மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை.

புரியவைத்தது பவளம். பவளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாவம், சாது என்றெல்லாம் அவளைப் பற்றி லயத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். சரியான வாயாடி. பேச்சு குழறும், ஆனால் கேட்டதில் ஒரு சொல் சிந்தாது. எந்த வாசலில் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டு நின்று, அடுத்த வாசலில் அப்படியே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவாள். சிலோன் ரேடியோ என்று பெயரே வைத்திருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை குழாயடியில் கூட்டம் நிறைந்திருந்த நேரம், இடுப்பில் கையை வைத்து, பூரணம் வெற்றிலை ஒதுக்குகிற மாதிரியே கன்னத்தை உப்பிக்கொண்டு முழங்கினாள்.

"லயத்துப் பங்கு மூக்காயி வூட்டுல தீந்துருச்சு! இனி உனக்கு வராது போ!"

மூக்காயி நிரம்பிக்கொண்டிருந்த குடத்தை எடுத்தாள். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தங்கம்மாவின் முகத்தில் வந்து பார்வை நின்றது. திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது தங்கம்மாவுக்கு. மூக்காயி திட்டவில்லை. பாதிக் குடத்தைக் கீழே ஊற்றிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அந்தக் குழாய்க்கு வரவில்லை. மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீர்தான்.

தங்கம்மா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் சாலி நானாவின் கடைக்குப் போய், ஸ்கேன் நிலையத்துக்கு போன் போட்டு, மகளிடம் சொல்லி டாக்டரைப் பிடித்தாள். கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் சாமானை மறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர், அந்த இருவத்து நாலு காம்பராவுல ஒரு காம்பராவுல ஏற்கனவே அப்புடிப் புள்ளை இருந்தா, அத விட்டுட்டு எண்ணலாங்களா?"

அந்தப் பக்கம் டாக்டர் பெருமூச்சு விட்டார். 

"என்ட பிழை தங்கம்மா. லயத்தை இழுத்திருக்கக் கூடாது. மத்தவங்கட புள்ளைக்கும் உங்கட புள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இருவத்து நாலு காம்பராவும் உங்கடதுதான்னு நினைச்சுக்கோங்க. எல்லாக் கதவும் பூட்டியிருக்கு. ஒரு கதவத்தான் திறக்க ஏலும். எதுன்னு யாருக்கும் தெரியாது."

இருபத்து நாலு காம்பராவும் தங்கம்மாவுக்கு! நாலு தலைமுறையாகப் பால் வெட்டியும் ஒரு காம்பராவைக்கூட யார் பெயருக்கும் எழுதித் தராத தோட்டத்தில், ஒரு போனில் அவ்வளவும் கிடைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். கடையில் நின்றவர்கள், பிள்ளை நல்ல பிள்ளை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், இல்லை செத்தே போய்விட்டதாகவும் இரண்டு விதமாகச் செய்தி கொண்டுபோனார்கள்.

கணக்குப் பிழைத்தது தெரிந்ததும் பூரணம் அடுத்த தீர்ப்போடு வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில். அவிசாவளைக்கு அங்கிட்டு ஒரு வீடு இருக்கிறது. கைராசியான பொம்பளை. காலையில் போனால் பொழுது சாயத் திரும்பிவிடலாம். கேட்டால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"குமரை வெச்சுக்கிட்டு உனக்கு இது தேவையா? நாளைக்கி அவளப் பொண்ணு பாக்க வர்றவன், கூடப் பொறந்தது இப்புடின்னா என்னா நெனப்பான்? தம்பி, நீ சொல்லுடா."

கந்தையா கூரையைப் பார்த்தான். "அவ என்னா சொல்றாளோ..." என்றான். அவன் நல்லவன்தான். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதற்கே அவனுக்கு முழு பலமும் தேவைப்பட்டது.

தங்கம்மா அண்ணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் மரம் மரமாகப் பட்டை சீவிக்கொண்டே யோசித்தாள். ஊசி போட்டுத் தெரிந்துகொண்டால்? இல்லை என்று வந்தால் சந்தோஷம். உண்டு என்று வந்தால் பூரணத்தின் வண்டியில் ஏறுவாளா? காலை வெட்டி உதைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு? ஏறமாட்டாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சீக்கிரம் பதில் வந்துவிட்டது. ஏறமாட்டாள் என்றால் ஊசி எதற்கு? தங்காத இரண்டுக்குப் பிறகு தங்கியிருக்கிற ஒன்றை, தெரிந்துகொள்ளும் ஆசைக்காக ஏன் குத்திப் பார்க்க வேண்டும்? இருதயத்தைப் பார்ப்பது வேறு. அதில் பிழை இருந்தால் பிறந்ததும் என்ன செய்வது என்று ஆயத்தமாக இருக்கலாம். இதை நிரோஷாவிடம் போனில் சொன்னாள். "எனக்கு வர்றவன் கூடப் பொறந்ததப் பாத்து ஓடுறவனா இருந்தா, ஓடட்டும்மா" என்றாள் மகள். 'ஓடட்டும்' என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னாள். தங்கம்மா அதைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது கடைசிக் காம்பரா. ஐந்தாம் மாதம் நெருங்கியபோது ஒரு பின்னேரம் அதன் வாசலில் போய் நின்றாள். மூக்காயி உள்ளே வரச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னா, இன்னும் எதாவது பாக்கி இருக்கா எண்ணுறதுக்கு?"

"நான் எண்ணல அக்கா. எண்ணுனப்ப சும்மா இருந்துட்டேன்."

"அதத்தான் சொல்றேன்."

கடாயில் மிளகாய் கருகியது. இருவரும் இருமினார்கள். பவளம் தங்கம்மாவின் வயிற்றை ஒரு விரலால் குத்தி, "குண்டு!" என்றாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க, எனக்கு அப்புடி இருந்தாலும் இருக்கலாமாம். நான் பெத்துக்கத்தான் போறேன்." தங்கம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற புதனு கரவனெல்லையில இருதயம் பாக்கணும். நீ கூட வர்றியா?"

"எதுக்கு? இந்தா பாருங்க, இப்புடித்தான் இருக்கும்னு காட்டுறதுக்கா?"

"எனக்கு என்னா கேக்குறதுன்னு தெரியாது. நீ கேட்டிருப்ப."

மூக்காயி கடாயை இறக்கி வைத்தாள். "நான் ஒன்னும் கேக்கல" என்றாள் வெடுக்கென்று. "இவளுக்கு நெஞ்சுல ஓட்டைன்னு ஒம்பது வயசுலதான் சொன்னானுங்க. அதுவரைக்கும் உதடு நீலமாகும். நாவப்பழம் தின்னுட்டு வந்து பொய் சொல்றாள்னு நான் அடிப்பேன்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

கிளினிக் நாளன்று காலையில் லய வாசலில் ஒரு த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது. பூரணம் பிடித்துக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவன் கஹவத்தைப் பக்கத்துச் சிங்களப் பையன், தோட்டத்துக்குப் புதியவன். கந்தையாவின் மழுப்பலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தங்கம்மாவை அவிசாவளைக்குக் கொண்டுபோகவே பூரணம் புறப்பட்டு வந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். தங்கம்மா தலை வாரி, குடையோடு வெளியே வந்ததைப் பார்த்ததும் முகத்தில் வெற்றி தெரிந்தது. "வா வா, நல்ல காரியத்துக்குச் சுணங்கக் கூடாது" என்று இறங்கி வந்து கையைப் பிடித்தாள். பின்பக்கத்துக்காரர்களும் மூலையைச் சுற்றி வந்துவிட, இருபத்து மூன்று வாசலின் தலைகளும் தெரிந்தன. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் துப்பாமல் நின்றார்கள்.

இருபத்து நாலாவது வாசலிலிருந்து மூக்காயி வந்தாள். எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு பவளம் பின்னால் வந்தாள். பூரணம் திரும்புவதற்குள் பவளம் வண்டிக்குள் ஏறி, நடுச் சீட்டில் உட்கார்ந்து, முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூக்காயி அந்தப் பக்கம் ஏறினாள். இந்தப் பக்கம் தங்கம்மா. அதோடு வண்டி நிறைந்துபோனது.

"அடியே, நான் எங்கடி உக்கார்றது? இவங்க எதுக்கு?"

"வண்டி புடிச்சுக் குடுத்ததுக்குப் பெரிய உபகாரம் அண்ணி" என்றாள் தங்கம்மா. பிறகு ஓட்டுகிறவனிடம் சிங்களத்தில், "கரவனெல்ல இஸ்பிரிதாலெட்ட யமு, மல்லி" என்றாள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் தம்பி என்று.

அவன் பூரணத்தைப் பார்த்தான். அவிசாவளை என்றல்லவா பேச்சு? கந்தையா வாசலிலிருந்து இறங்கி வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு தன் வாழ்நாளில் முதல் தடவையாக அக்காவைத் தாண்டி நடந்து, ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தங்கம்மாவின் மடியில் வைத்துவிட்டு, வண்டியின் பின்பக்கத்தைப் போ என்று தட்டினான்.

லயத்திலிருந்து தார் போட்ட கார்ப்பட் ரோட்டுக்கு ஒரே ஏற்றம். முதல்நாள் மழையில் பாதை கரைந்து, கல்லும் சேறுமாகக் கிடந்தது. பாதி மேட்டில் வண்டி முக்கி நின்றது. பையன் பிரேக்கை மிதித்தபடி திரும்பி, மூன்று பேரோடு இது ஏறாது, யாராவது ஒருத்தர் இறங்கி மேலே வரைக்கும் நடந்து வந்தால் போதும் என்று சிங்களத்தில் சொன்னான். சொல்லும்போது அவன் கண் பவளத்தின் மேல் இருந்தது. மூக்காயி பழக்கப்பட்டவள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, மகளின் தோளைத் தொட்டு எழும்பப் பார்த்தாள்.

தங்கம்மா கையை நீட்டி இருவருக்கும் குறுக்கே கம்பியைப் பிடித்தாள்.

"ஒருத்தரும் எறங்க மாட்டோம். நீ ஏத்து மல்லி."

அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டு முறுக்கினான். சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று, கீழே நின்றவர்கள் பக்கம் சேற்றை வாரி அடித்தது. வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. பவளம் வீறிட்டுச் சிரித்தாள். மூக்காயி கண்ணை மூடிக்கொண்டு தங்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதியும்படி. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் சாய்ந்து நின்றன. புகை மூக்கில் ஏறியது. பின் சக்கரம் ஒரு கல்லைக் கவ்வி, விட்டு, மறுபடி கவ்வியது.